லியோனேவுக்குப் பதினெட்டு வயது

ஜெர்வாசியோ முட்டாளாக இருந்திருந்தால் எர்சிலியாவுக்கு அன்றைக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். மனுஷன் முட்டாள் இல்லை. படித்தவர், நேர்மையானவர், எதையும் எழுதி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அதுதான் வம்பாகப் போயிற்று.

அப்ருசோ மலையில் எழுபத்தெட்டாம் வருடத்து ஜூன் மாதம். மறுநாள் விடிந்தால் மந்தைகள் மேல்புல்வெளிக்கு ஏற வேண்டும். ரோக்காபியானா ஆட்டுக்காரர் சங்கம் காலையிலேயே காபிக்கடையில் கூடிவிட்டது. செயலாளர் ஜெர்வாசியோ நோட்டைப் பிரித்தார்.

"மூணு வருஷத்துல, ஓநாய்க்கடின்னு நாயை டாக்டர்கிட்ட தூக்கிட்டு வந்தது பதினாலு தடவை. அதுல பதிமூணு, முள்ளுப்பட்டை போட்ட நாய். பட்டை போடாதது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பக்கமும் நாய் சரிசமமாத்தான் இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

ஓநாய் கழுத்தைக் கவ்வும் என்பதற்காகத்தான் காலங்காலமாக இரும்பு முள் வைத்த பட்டையைக் கட்டுகிறார்கள். பாதி மந்தைக்காரர்கள் கட்டுவார்கள், மீதிப் பேர் பாரம் என்று விட்டுவிடுவார்கள். காப்பாற்ற வேண்டிய பட்டை கடியை வாங்கித் தருகிறது என்றால் தலை சுற்றாதா?

"நானே சொல்றேன். பட்டை போட்ட நாய்க்குத் திமிர் வந்துடுது. இல்ல, இரும்புச் சத்தம் ஓநாயைக் கூப்பிடுது. காரணம் எதுவோ, கணக்கு பொய் சொல்லாது. நம்ம தாங்க்ரேதியைப் பாருங்க. ஒரு நாளும் பட்டை கட்டுனதில்ல. அவரோட நாய் லியோனேவுக்கு வயசு பதினெட்டு! ஒரு கீறல்கூட நோட்டுல இல்ல."

மூலையில் உட்கார்ந்திருந்த கிழவர் தாங்க்ரேதி தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். பெருமைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"அதனால, நாளையிலேர்ந்து பட்டை கிடையாது. மீறிக் கட்டுறவங்களுக்கு மேல்புல்வெளியில இடமும் கிடையாது. கை தூக்குங்க."

"கொஞ்சம் பொறுங்க அண்ணே," என்று எழுந்தாள் எர்சிலியா. இருநூறு ஆடு, பிரீனா என்று ஒரே ஒரு நாய், அவ்வளவுதான் அவளுடைய சொத்து. புல்வெளி இல்லாவிட்டால் ஆடு போச்சு. பட்டை இல்லாவிட்டால் பிரீனா போச்சு. வாசலில் படுத்திருந்த பிரீனாவின் பட்டையைக் கழற்றி வந்து மேஜைமேல் டொம்மென்று போட்டாள்.

"அந்தப் பதிமூணு கடியும் எத்தனை நாயோடது?"

ஜெர்வாசியோ எண்ணிப் பார்த்தார். "ஆறு."

"அதுல நாலு கடி என் பிரீனாவுக்கு. அந்த ஆறு நாயும் இப்போ எங்கே?"

"வெளியே... வெயில்ல படுத்திருக்கு."

"உசுரோட இருக்கு. அதான் டாக்டர்கிட்ட தூக்கிட்டு வந்தோம். செத்த நாயை யாராவது டாக்டர்கிட்ட தூக்கிட்டு வருவாங்களா? உங்க நோட்டுல இருக்கிறது கடிபட்ட நாயோட கணக்கு இல்லண்ணே, பொழைச்ச நாயோட கணக்கு."

"சரிம்மா. அப்போ பட்டை இல்லாத நாய் செத்திருக்கணுமே? எது செத்துச்சு? பேர் சொல்லு. பெரார்தினோ வீட்டு நாய் நேராவா? இருக்கு. தாங்க்ரேதியோட லியோனேவா? பதினெட்டு வருஷமா இருக்கு. ஒருத்தர் வீட்டுலயும் ஒரு பேர்கூடக் குறையல. நான் சரிபார்த்துட்டேன்."

ஜெர்வாசியோ கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர், இந்த ஊரில் பெண்ணெடுத்த தோஷத்தில் இங்கே வந்து சேர்ந்தவர். அவரிடம் யாரும் சொல்லாத ஒரு வழக்கம் இந்த ஊரில் உண்டு. ஓநாய் கொன்ற நாயை உச்சிவெயிலுக்கு முன்னால் கல் அடுக்கி மூடிவிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் ஒரு குட்டிக்கு அதே பெயரை வைத்து, மலையைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். நாம் கொன்றது சாகவில்லை போலிருக்கிறது என்று ஓநாய் நினைத்துக்கொள்ளுமாம். அதற்கப்புறம் செத்ததைப் பற்றி மூச்சு விடக்கூடாது. விட்டால் அடுத்ததும் போய்விடும். இத்தனை வருடமும் ஓநாய் ஏமாந்ததோ இல்லையோ, செயலாளர் நன்றாகவே ஏமாந்திருந்தார்.

எர்சிலியா சுற்றிலும் பார்த்தாள். பெரார்தினோ காலிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் வாய் வராது.

"தாங்க்ரேதி மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"லியோனே வெளியிலதான் இருக்கான். போய்ப் பாரு," என்றார் கிழவர், தலையை நிமிர்த்தாமல்.

எர்சிலியாவும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். அந்த வழக்கத்தை அவளும் பாதி நம்பினாள். பாதி என்ன, முழுசாகவே நம்பினாள். நாளைக்கு மலையேறப் போகிற நேரத்தில் வாயைத் திறந்து பிரீனாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? திறக்காவிட்டால் ஆவது நிச்சயம் என்று தன் புத்திக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"இந்தப் பிரீனா ரெண்டாவது," என்றாள். "முதல் பிரீனாவுக்கு நான் பட்டை கட்டல. ஒன்பது வருஷத்துக்கு முன்னால ஓநாய் கொன்னுடுச்சு. கழுத்துலதான் கடி. அவளைத் தூக்கிட்டு நான் எந்த டாக்டர்கிட்ட போறது? நானே கல் அடுக்கி மூடினேன். அன்னிக்குச் சாயங்காலமே இவளுக்குப் பேர் வெச்சேன். அதனாலதான் உங்க கணக்குல பிரீனா சாகவே இல்ல."

"ஐயோ மாதாவே! வாயைக் கழுவுடி!" என்று பெரார்தினோவின் மனைவி கத்தினாள். தீட்டுச் சொல்லைக் கேட்டால் இரும்பைத் தொட வேண்டும். கடையில் கைக்கெட்டிய இரும்பு மேஜைமேல் கிடந்த பட்டைதான். ஏழெட்டுக் கைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து அதைத் தொட்டன. எதை ஒழிக்க வேண்டும் என்று கூட்டம் போட்டார்களோ, அதையே.

ஜெர்வாசியோ மட்டும் தொடவில்லை. நோட்டில் ஒரு வரியில் விரலை வைத்தார். "அப்போ... அந்த ஒரே ஒரு கடி? பட்டை போடாத நாயோடது?"

"அது ஓநாயே இல்ல," என்று முனகினான் பெரார்தினோ. "என் டிராக்டர் ஏறிடுச்சு. வெளியே சொல்ல வெக்கமா இருந்துச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மூலையிலிருந்து, "ஆறு," என்றார் தாங்க்ரேதி.

"என்ன மாமா ஆறு?"

"இவன் ஏழாவது லியோனே. ரெண்டு வயசு."

ஜெர்வாசியோ பேனாவை எடுத்தார். எழுதாமல் இருக்க அவரால் முடியாது. "தேதி ஏதாவது... ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கிழவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வருடம், மாதம், கிழமை, எந்தச் சரிவு, எந்த ஓடை, எந்தக் காதில் கறுப்பு மறு. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. இத்தனை வருடமாக ஊரில் எவரிடமும் சொல்லாததை ஒப்பிப்பதுபோல் சொன்னார். எழுதியவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் எல்லாரும் கை தூக்கினார்கள். எல்லா நாய்க்கும் பட்டை கட்டாயம், கட்டாதவர்களுக்குப் புல்வெளியில் இடமில்லை என்று தீர்மானமாயிற்று.

வெளியே பிரீனாவுக்குப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்த எர்சிலியாவிடம் தாங்க்ரேதி வந்தார். கையில் யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு பட்டை. கூடவே வெறுங்கழுத்தோடு லியோனே.

"இந்தக் கொக்கி எப்படின்னு தெரியலம்மா. நீ மாட்டிவிடு."

மாட்டிவிட்டாள். கிழவர் போகாமல் நின்றார்.

"முதல் லியோனேவுக்கே இதைக் கட்டியிருந்தா, எர்சிலியா? அந்த ஆறும்..."

காலையெல்லாம் பிசிறில்லாமல் நியாயம் பேசியவள் அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள்.

"கட்டியிருந்தாலும் செத்துத்தான் மாமா இருக்கும்," என்றாள்.