ஆறுக்கு அப்புறம் ஏழு

"வந்துடுச்சா?"

"குட் மார்னிங்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கேக்கக் கூடாதா, ஆர்லிஸ்?"

"குட் மார்னிங். வந்துடுச்சா?"

"வரல."

"நேத்தும் இதையேதானே சொன்னே?"

"நேத்தும் வரல."

ஆர்லிஸ் குபிசெக் போனை வைத்தாள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மஞ்சள் பஸ்ஸைக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள் செய்கிற முதல் வேலை, வெர்லின் பாஸ்பிஷிலின் துப்பாக்கிக் கடைக்குப் போன் போடுவதுதான். காப்பி கூட அதற்கப்புறம்தான். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் வெர்லினைக் காலை வேளையில் இப்படிப் பிடுங்கி எடுப்பவள் அவள் ஒருத்தி மட்டுமில்லை. மெர்ல் ஹுஸ்கா மாட்டுப் பட்டியிலிருந்து கூப்பிடுவார். அவருடைய மைத்துனர் லீலண்ட் டிராக்டரில் உட்கார்ந்தபடியே கூப்பிடுவார். என்ன கேட்கிறார் என்று எஞ்சின் சத்தத்தில் காதில் விழாது, ஆனாலும் வெர்லின் "வரல" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

மெர்ல் ஒருநாள் கடைக்கே வந்து கேட்டுவிட்டார். "இந்தத் துப்பாக்கி வருதுன்னு நீ முதல்ல சொன்னப்போ என் கிடாரி சினையா இருந்துச்சு. அது கன்னு போட்டு, கன்னு பால் மறந்து, இப்போ தாய் மறுபடி சினை. உன் கம்பெனிக்காரன் என்னத்தய்யா இத்தனை நாளாச் சுமந்துட்டு இருக்கான்?"

கம்பெனிக்காரன் சுமந்துகொண்டிருந்தது எட்டுத் தோட்டா போடுகிற ஒரு புது ரிவால்வர். டன்வெல் கம்பெனி. குளிர்காலக் கண்காட்சியில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து இவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இருக்காதா பின்னே? போட்டிகளில் இப்போதெல்லாம் எட்டு இரும்புத் தட்டை வரிசையாக நிறுத்திவைத்துவிட்டு 'சுடு' என்கிறார்கள். பிஸ்டல்காரர்களின் துப்பாக்கிக்குள் பதினைந்து இருபது கிடக்கும். தட்டுகளை மளமளவென்று சாய்த்துவிட்டுப் போய் நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். ஆறு போடுகிற ரிவால்வரை வைத்திருப்பவர்கள் ஆறைச் சுட்டுவிட்டு, உருளையைத் திறந்து, காலிகளைத் தட்டிக் கொட்டி, அடுத்த ஆறைச் செருகி முடிக்கிறவரை, மிச்ச இரண்டு தட்டும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். எட்டு போடுகிற ரிவால்வர் முன்பே இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் கையில் எடுத்தால் லாரி ஜாக்கியைத் தூக்கினாற்போல இருக்கும். ஆர்லிஸின் விரல் அதன் விசைக்கு எட்டவே எட்டாது. இந்தப் புதுசுக்குப் பிடி சிறிசு, விசை லேசு என்று சொன்னார்கள்.

ஆர்லிஸுக்கு வெறும் ஆசை மட்டுமாக இருந்தால் காத்திருக்கலாம். செப்டம்பர் போட்டி காத்திருக்காது.

"ஐஞ்சு பேர் வேணும்," என்று டென்னி ரேசக் போன வாரமே சொல்லிவிட்டான். போட்டியை நடத்துகிறவன் அவன்தான். முப்பது வயசுக்காரன், பிஸ்டல் ஆள், வாய் கொஞ்சம் அதிகம். "ரிவால்வருக்குன்னு தனிப் பிரிவு வைக்கணும்னா ஐஞ்சு பேர். அது நம்ம சங்கத்து விதி, நான் போட்டதில்ல. நீங்க எத்தனை பேரு? நீங்க, வெர்லின், மெர்ல், லீலண்ட். உருளை சுத்துற சக்கரக்காரங்க மொத்தமே ஒரு காருக்குள்ள அடங்கிடுவீங்க."

"ஐஞ்சாவது ஆள் வந்துட்டா?"

"சனிக்கிழமைப் பயிற்சிக்குள்ள பேரைச் சொல்லுங்க, வச்சிடறேன். இல்லேன்னா நீங்களும் எங்களோடயே வந்து சுட வேண்டியதுதான், ஆர்லிஸ். கடைசி நாலு இடம் உங்களுக்கே. ஒருத்தரும் போட்டிக்கு வர மாட்டாங்க."

இந்த வருஷம் பிரிவு போய்விட்டால் அடுத்த வருஷம் திரும்ப வராது. அது ஆர்லிஸுக்குத் தெரியும். ஐஞ்சாவது ஆள் யார் என்பதும் தெரியும். கெய்ல் நோவோட்னி. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று சுட்டவள். போன வருஷம், "என் மணிக்கட்டு போச்சுடி. இந்த விசையை இழுக்கிறதுக்குக் கிணத்துல தண்ணி இறைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பிஸ்டல் பக்கம் போய்விட்டாள்.

"திரும்பி வரவே மாட்டியா?" என்று ஆர்லிஸ் கேட்டதற்கு, "அந்தப் புதுசு வரட்டும். வந்த அன்னிக்கே வந்துடறேன்" என்றாள்.

அதனால் வெர்லினிடம் முதல் பேர் ஆர்லிஸ், இரண்டாவது பேர் கெய்ல். இரண்டும் சேர்ந்து வந்துவிடும் என்றுதான் ஆர்லிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை. மக்காச்சோள வயலை ஒட்டிய சுடுதளம். மண்மேட்டுக்கு முன்னால் தட்டுகளுக்கு லீலண்ட் வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கெய்ல் கசகசா வைத்த கொலாச்சி பன் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். டென்னி ஒரு பன்னை வாயில் அடைத்துக்கொண்டு இன்னொன்றைக் கையில் வைத்திருந்தான். வெர்லினின் வண்டி சரளைக்கல்லில் கரகரத்து வந்து நின்றது. இறங்கியவர் கையில் ஒரு நீலப் பெட்டி.

லீலண்ட் பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தார்.

"நேத்து சாயங்காலம் வண்டி வந்துச்சு," என்றார் வெர்லின்.

"நேத்து சாயங்காலமா! ஏன்யா சொல்லல?" என்றார் மெர்ல்.

"சொல்லியிருந்தா ராத்திரி என் வீட்டு வாசல்ல படுத்திருப்பீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணுதான் வந்திருக்கு. கடைக்கு ஒண்ணாம். அடுத்தது பனி விழுந்து, அது கரைஞ்சதுக்கு அப்புறம்தான்."

கெய்லின் முகத்தை ஆர்லிஸ் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பேர் அவளுடையது. அதில் தப்பு ஒன்றுமில்லை. கேட்டுக் கேட்டு வாங்கிய இடம் அது.

"எடுத்துக்கோடி," என்றாள் கெய்ல். "எத்தனை போன் போட்டிருப்பே! கொண்டாந்து உன் கையில வைக்காம வேற யார் கையில வைப்பாங்க?"

வெர்லின் உருளையைத் திறந்து, எட்டு அறையும் காலி என்று காட்டிவிட்டுக் கொடுத்தார். ஆர்லிஸ் வாங்கினாள். பிடி அவள் உள்ளங்கையில் அவளுக்கென்றே அளவெடுத்து அறுத்ததுபோல உட்கார்ந்தது. காலித் துப்பாக்கியின் விசையை மெதுவாக இழுத்துப் பார்த்தாள்.

"எப்படி?" என்று லீலண்டைத் தவிர மற்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஐயோ," என்றாள் ஆர்லிஸ்.

எல்லாரும் காதடைப்பை மாட்டிக்கொண்டார்கள். எட்டுத் தோட்டாவையும் ஒன்றாகக் கவ்விப் பிடிக்கிற மெல்லிய இரும்பு வளையங்களில் இரண்டை வெர்லின் நிரப்பிக் கொடுத்தார். ஒன்று துப்பாக்கிக்குள், ஒன்று இடுப்பில். டென்னி டைமரோடு பின்னால் வந்து நின்றான்.

"ரெடியா? ஸ்டாண்ட் பை."

பீப் என்றது. டிங், டிங், டிங். தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஆறு தட்டு. அடுத்த நொடி ஆர்லிஸின் கட்டைவிரல் தானாகப் போய் உருளையைத் திறந்தது, உள்ளங்கை தட்டிவிட்டது, வளையம் சரளையில் விழுந்தது, இடுப்பிலிருந்த அடுத்தது உள்ளே போனது. ஏழு, எட்டு. முடிந்தது.

மெர்ல், நுனியில் காந்தம் கட்டிய தன் குச்சியால் வளையத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினார். ஆறு காலி, இரண்டு முழுத் தோட்டா.

"ஆர்லிஸ், இது ரெண்டும் இன்னும் உயிரோட இருக்கு. 'எங்களை ஏன் தள்ளிவிட்டே'ன்னு கேக்குது."

டென்னி சிரித்த சிரிப்பில் கொலாச்சித் தூள் பறந்தது. "எட்டு வேணும் எட்டு வேணும்னு ஊரையே தூங்கவிடல. எட்டு கைக்கு வந்தா ஆறோட கொட்டிட்டீங்களே!"

"வாயை மூடுடா. முதல் தடவை அப்படித்தான். இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் அதேதான். ஆறாவது தட்டு சாய்ந்த சத்தம் கேட்டதோ இல்லையோ, கட்டைவிரல் ஓடிவிட்டது. அவளைக் கேட்கவே இல்லை. மூன்றாவது தரம், "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுட்டாள். எண்ணிக்கை தப்பவில்லை, குறி தப்பியது, மூன்று தட்டு நின்றுவிட்டது.

"இப்போ உன் பழசை எடுத்துச் சுடு பார்ப்போம்," என்றார் வெர்லின்.

பழைய ஆறைத் துப்பாக்கி உறையிலிருந்து எடுத்துச் சுட்டாள். ஆறு, மாற்று, இரண்டு. எட்டுத் தட்டும் படுத்தன. டென்னி டைமரைப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா வேண்டாமா என்று நின்றான்.

"சொல்லுடா."

"பழசுதான் வேகம். நல்ல வேகம்."

ஆர்லிஸ் தன் வலது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் தடவை, சமையலறை மேஜைக்கு முன்னால் நின்று, போர்வையைக் கீழே விரித்து, ஆறு, மாற்று, ஆறு, மாற்று என்று பழக்கிய விரல். இதற்குப் போய் இப்போது ஏழு என்று ஒன்று இருப்பதை யார் சொல்லிப் புரியவைப்பது? பனிக்காலம் முழுக்கச் சொல்ல வேண்டும். செப்டம்பருக்குள் நடக்காது.

டென்னி மெல்ல வந்து, "பேர் ஏதாவது உண்டா? இல்லேன்னா நான் எழுதி முடிச்சிடறேன்" என்றான். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை.

ஆர்லிஸ் கெய்லைப் பார்த்தாள். கெய்ல் காகிதப் பெட்டியில் பன்களை அடுக்குவதுபோல எதையோ செய்துகொண்டிருந்தாள்.

"கெய்ல், இங்க வா."

"எதுக்கு?"

"நீ ஆறு சுட்டு எத்தனை நாளாச்சு?"

"தெரியாதா உனக்கு? ஒரு வருஷம்."

"விரலுக்கு ஞாபகம் இருக்கா?"

கெய்லுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்டி. உன் பேரு முதல்ல இருக்கு."

"என் பேரு எனக்குத் தெரியும். என் விரலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது. வந்து சுடு."

"போன வருஷம் விட்டுட்டு ஓடினவடி நான்."

"அதனாலதான் கூப்பிடறேன். ஓடிப்போய் ஆறை மறந்துட்டு வந்திருக்கே. இங்க நிக்கிற ஒருத்தருக்கும் அது வாய்க்கல. மெர்லுக்கு மாட்டை எண்ணினாலே ஆறுல நின்னுடும்."

"என் மாட்டை ஏன்மா இழுக்கிறே?" என்றார் மெர்ல்.

கெய்ல் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு வந்தாள். துப்பாக்கியை வாங்கியவள் விசையை ஒருதரம் இழுத்துப் பார்த்து, மணிக்கட்டைச் சுழற்றி, மறுபடி இழுத்தாள். கண் அகன்றது.

"ரெடியா? ஸ்டாண்ட் பை."

பீப். டிங், டிங். ஆர்லிஸ் தன்னையறியாமல் எண்ணினாள். நாலு. ஐந்து. ஆறு. அவள் கட்டைவிரல் சும்மா இருந்தபடியே துடித்தது. கெய்லின் விரல் துடிக்கவில்லை. ஏழு. எட்டு. கடைசித் தட்டும் பின்னால் சாய்ந்தது. அதோடு நிற்காமல் கெய்ல் மண்மேட்டைப் பார்த்து இன்னொரு தரம் இழுத்தாள்.

க்ளிக்.

மறுபடியும் க்ளிக்.

"ஒன்பதாவது எங்கேடி இருக்கு?" என்று கத்தினாள் ஆர்லிஸ்.

"தீர்ந்துடுச்சுன்னு அது சொல்லும்னு பார்த்தேன்! பிஸ்டல்ல தானா திறந்து நிக்கும்ல!" கெய்ல் துப்பாக்கியைத் திறந்து காலிகளைக் கொட்டிவிட்டு, சிரிப்பு தாங்காமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "ஒருத்தி ஆறோட நிக்கிறா, இன்னொருத்தி ஒன்பதுக்குப் போறா. எட்டுக்கு ஒரு நாதி இல்லையா?"

"மூணு வாரம் இருக்கு," என்றார் லீலண்ட். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ஒன்பதைக் குறைக்கிறது சுலபம்."

டென்னி பேனாவின் மூடியைக் கடித்துத் திறந்தான். "கெய்ல் நோவோட்னி. பிஸ்டலா, ரிவால்வரா?"

"மணிக்கட்டு எப்படி இருக்கு?" என்று ஆர்லிஸ் கேட்டாள்.

கெய்ல் கையை நீட்டி மடக்கிக் காட்டினாள். "வெண்ணெய்க் கட்டியில விரலை விட்ட மாதிரி இருக்கு." டென்னி பக்கம் திரும்பினாள். "சக்கரம்னு எழுது. ஐஞ்சாவது நான். அழிக்கிற பேனால எழுதாதே."

"கெய்ல் கடைக்கு வந்து கையெழுத்துப் போடற வரைக்கும் பெட்டி என்கிட்டதான்," என்றார் வெர்லின், யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்களோ என்பதுபோல.

மத்தியானம் வரை சுட்டார்கள். ஆர்லிஸும் கெய்லும் பழையபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருத்தி சுடும்போது மற்றவள் புல்லில் குனிந்து வளையம் பொறுக்கினாள். வயல் பக்கமிருந்து காற்று அடித்ததில் பெயின்ட் வாசனையும் வெடிமருந்து வாசனையும் பன் வாசனையும் கலந்து வந்தது.

திங்கட்கிழமை காலை வெர்லின் கடைத் தொலைபேசி அதே நேரத்துக்கு மணியடித்தது.

"குட் மார்னிங், வெர்லின்."

"என்ன ஆர்லிஸ், உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இன்னிக்குப் பஸ்ஸுல ஏறுற பிள்ளைங்களை எட்டெட்டா எண்ணினேன். ஆறுல ஒரு தடவைகூட நிக்கல."

"அடேயப்பா."

"ரெண்டாவது வந்துடுச்சா?"