ஒரு வாரக் காய்ச்சல்

நடுக்கடலில் நின்ற அந்த எண்ணெய் மேடையில் ஒரே ஒரு கிரேன். அதை ஓட்ட இரண்டு பேர். ஒருவர் நெட்டை, இன்னொருவர் குட்டை. பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, மேடையில் வைத்த பெயர். பதினான்கு நாள் ஒருவர் கடலில் என்றால் மற்றவர் வீட்டில். இருவருக்கும் ஒரே கட்டில், ஒரே அலமாரி, கிரேன் கேபினில் ஒரே நாற்காலி. வந்ததும் முதல் வேலையாக நெட்டை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார், குட்டை முன்னுக்கு இழுப்பார். பன்னிரண்டு வருஷமாக ஒருவர் தலையணையில் இன்னொருவர் தூங்கியவர்கள், சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியதில்லை. ஆள் மாறும்போது கிடைக்கும் பத்து நிமிஷம்தான் அவர்களுடைய சிநேகிதம் முழுவதும்.

இன்று நெட்டைக்கு மேடையில் கடைசி நாள். கரையில் கம்பெனி யார்டில் கிரேன் சூப்பர்வைசர் வேலை கிடைத்துவிட்டது. இனிமேல் கிரேனுக்கு ஏறும் ஏணி இல்லை, அலை இல்லை, தினமும் வீட்டுச் சாப்பாடு. மனுஷன் துள்ளிக் குதிக்க வேண்டாமா? காலையிலிருந்து அவர் ஒருவர் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

அந்த வேலைக்கு இரண்டு பேருமே விண்ணப்பம் போட்டிருந்தார்கள். நெட்டைக்கு அது ஆசை. குட்டைக்கோ அதை விட்டால் வேறு கதியில்லை. முதுகெலும்பில் தட்டு பிதுங்கிவிட்டது, ஏணி ஏறுவதை நிறுத்தாவிட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலையே போய்விடும். அதனால் குட்டை அதை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார், அதுவும் நெட்டையிடம்.

இன்டர்வியூ ஒரு வியாழக்கிழமை. ஆள் மாறுவது அதற்கு முந்தின செவ்வாய். முறைப்படி பார்த்தால் வியாழனன்று குட்டை கரையில் இருப்பார், நெட்டை கடலில் இருப்பார். அந்தத் திங்கட்கிழமை நெட்டை, ஆள் அனுப்பும் அலுவலகத்துக்குப் போன் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல், நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் என்றார். மாற்று ஆள் வராததால் குட்டையை இன்னும் ஒரு வாரம் மேடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வியாழனன்று நம் காய்ச்சல்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்தார். ஆள் அனுப்புகிறவர்கள் ஒரு கட்டடம், ஆள் எடுக்கிறவர்கள் இன்னொரு கட்டடம். அங்கே நடப்பது இங்கே தெரியாது. வராத குட்டையை வராதவர் என்று குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் நெட்டை மேடைக்குப் போனபோது, குட்டை அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு தேவலையா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கை இன்னும் நெற்றியிலேயே இருப்பது போல இரண்டு மாசமாக நெட்டைக்கு ஒரு உறுத்தல். வேலைக்கான உத்தரவு வந்த அன்று மனைவி இனிப்பு நீட்டினாள். அவர் பல்வலி என்று சொல்லிவிட்டார். பொய் சொல்வது அதற்குள் பழகியிருந்தது.

படகு வந்தது. ஆட்களைக் கூடையில் நிற்க வைத்து கிரேனால் மேலே தூக்குவதுதான் அங்கே வழக்கம். நெட்டை குட்டையைத் தூக்கி மேடையில் இறக்கினார். பிறகு கேபினிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேபினுக்கு ஏறும் ஏணியில் நாற்பது படி. குட்டை நடுவில் இரண்டு தடவை நின்று, கம்பியில் நெற்றியை வைத்து மூச்சு வாங்கினார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நெட்டை தீர்மானித்தார்.

குட்டை உள்ளே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெட்டை பிரேக்கைப் பற்றிச் சொன்னார், புதுக் கம்பி வடத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு மென்று முழுங்கி, "அண்ணே, அன்னிக்கு எனக்குக் காய்ச்சலே இல்ல" என்றார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"வியாழக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்குப் போன் பண்ணேன், காய்ச்சல் எப்படியிருக்குன்னு கேக்க. உன் வீட்டுக்காரம்மாதான் எடுத்துச்சு. 'அவரு இன்டர்வியூக்குப் போனவரு இன்னும் வரலையேண்ணே'ன்னுச்சு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியலப்பா."

"அப்புறம் ஏண்ணே என்னை ஒண்ணும் கேக்கல?"

"நெத்தியைத் தொட்டுக் கேட்டேனே. அதுக்கு மேல எப்படிக் கேப்பாங்க?"

நெட்டைக்குக் கண்ணில் நீர் முட்டியது. "நான் பண்ணது துரோகம்ணே. ரெண்டு மாசமா தூக்கமே இல்ல. என்னை மன்னிச்சிருங்க."

குட்டை நாற்காலியை முன்னுக்கு இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். "இப்ப என்ன ஆச்சு? சொல்லிட்ட. இன்னிக்கு ராத்திரி உனக்குத் தூக்கம் வந்துரும். எனக்கு அதே ஏணிதான். மனசு கேக்கலன்னா ஒண்ணு பண்ணு. கரைக்குப் போனதும் மேனேஜர்கிட்ட நடந்ததைச் சொல்லு. மறுபடி இன்டர்வியூ வைக்கட்டும். ரெண்டு பேரும் போவோம். உனக்கே கெடைச்சாலும் எனக்கு வருத்தமில்ல. முடியுமா?"

நெட்டை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொய் சொன்னது தெரிந்தால் பழைய வேலையும் போய்விடும். வீட்டுக் கடன், மகளின் படிப்பு, யார்டில் காத்திருக்கும் புது நாற்காலி எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன. கீழே படகு ஹாரன் அடித்தது.

"முடியாதுல்ல?" என்றார் குட்டை. குரலில் கோபம்கூட இல்லை. "அப்ப எங்கிட்டயும் சொல்லியிருக்க வேண்டாம். போ, படகு நிக்காது."

நெட்டை இறங்கிப் போய்க் கூடையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கூடை எழும்பி, மேடையின் விளிம்பைத் தாண்டி, கடலுக்கு மேல் வந்தது. இன்றைக்காவது நங்கென்று இறக்கட்டும், கால் பிசகட்டும், ஒரு பல்லாவது உடையட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார். குட்டை அவசரப்படவில்லை. இரண்டு அலை போக விட்டு, மூன்றாவது அலை படகைத் தூக்கிக் கொடுக்கும் நேரம் பார்த்து, ஒரு குலுக்கல் இல்லாமல் கூடையைப் படகில் உட்கார வைத்தார்.

"உங்க ஆளு கையே கை" என்றார் படகோட்டி.

நெட்டை அண்ணாந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு யார்டுக்குப் போய், கையெழுத்துப் போட்டு, வேலையில் சேர்ந்தார்.