திறந்து பார்த்தவன்

போன் ரிப்பேர் கடைக்காரனை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நெற்றியில் எந்நேரமும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை ஏற்றி வைத்திருப்பான் என்பதால் எல்லோருக்கும் அவன் லென்ஸ். மனைவிகூட கோபம் வந்தால் "ஏங்க லென்ஸு, கொஞ்சம் வீட்டையும் பாருங்க" என்பாள். கைசுத்தமான வேலைக்காரன் என்று பெயர்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. போனைச் சரி செய்ததும், ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் உள்ளே இருக்கும் படங்களைத் திறப்பான். பிறகு செய்திகளை. அவன் மேசைக்கும் வருகிறவர்களுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு இருந்தது. அந்தப் பக்கம் அவர்கள் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் அவன் அவர்கள் வீட்டுச் சண்டைகளைப் படித்துக்கொண்டிருப்பான். சில படங்களைக் கடைக் கம்ப்யூட்டரில், 'பழைய சாஃப்ட்வேர்' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் பத்திரப்படுத்தியும் வைத்திருந்தான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை தவறாமல் மாதாகோயிலுக்கு, குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவான். "கண்ணால பாவம் செஞ்சேன் சாமி" என்பான். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குருவானவர், ஆண்பிள்ளைகள் எல்லோரும் சொல்கிற பாவம்தானே என்று எடுத்துக்கொண்டு, மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்வார். பத்து வருடமாக இதே வாக்கியம், இதே மூன்று. சொன்னது பொய் இல்லை. எப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வராதோ அப்படிச் சொல்லக் கற்றிருந்தான், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கணக்கு டீச்சர் கடைக்கு வந்தார். ஆறாம் வகுப்பில் அவன் மகளுக்குப் பாடம் எடுப்பவர். போன் திரை நட்சத்திரம் மாதிரி உடைந்திருந்தது.

"மாடிப்படியில விழுந்துடுச்சு. நாளைக்குக் கிடைக்குமா?"

"கிடைச்சிடும் டீச்சர். பாஸ்வேர்டு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"அது கண்டிப்பா வேணுமா?"

"டச் வேலை செய்யுதான்னு பாக்கணும்ல."

வேண்டியதில்லை. அது இல்லாமலும் பார்க்கலாம். டீச்சர் கொஞ்சம் தயங்கி, அவன் மகளின் நோட்டில் திருத்துகிற அதே குண்டு எழுத்தில் ஆறு எண்களை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

திரையை மாற்றி முடித்ததும் அவன் கை தானாகவே படங்களுக்குப் போனது. கரும்பலகைக் கணக்குகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தூங்கும் ஒரு பூனை. பிறகு தனியாக ஒரு தொகுப்பு. முதல் படத்தில் ஒரு மேற்கை. அதில் நீலமாக நான்கு பட்டைகள். சாயம் பட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தான். அடுத்தது முதுகு. அடுத்தது முடி பிடுங்கப்பட்ட உச்சந்தலை. ஒவ்வொரு படத்திலும் ஓரமாக அன்றைய செய்தித்தாள், தேதி தெரியும்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூன்று வருடத் தேதிகள். ஒரு படம் கண்ணாடி முன்னால் எடுத்தது. உதடு கிழிந்த முகத்தோடு டீச்சர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. விடை சரிதானா என்று சரிபார்க்கிற முகம்.

லென்ஸ் போனைக் கவிழ்த்து வைத்தான்.  டீச்சரின் கணவரை அவனுக்குத் தெரியும். அடுத்த தெருப் பல் டாக்டர். அவன் மகளுக்குப் பல் பிடுங்கியபோது பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "எவ்வளவு மென்மையான கை!" என்று வீட்டுக்கு வந்து மனைவி இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடைக்கு வந்தது டீச்சர் இல்லை, டாக்டர்.

"வீட்டம்மா போன் குடுத்திருந்தாங்களே, ரெடியா?"

"ஒரு பார்ட் இன்னும் வரல டாக்டர்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"பரவாயில்ல. ஆன் ஆகுதுல்ல?" டாக்டர் தடுப்பின் மேல் முழங்கையை ஊன்றிக் குனிந்தார். "உள்ள இருக்கற படத்தையெல்லாம் எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடு. அவகிட்ட சொல்ல வேண்டாம்."

லென்ஸ் மேசையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான்.

"உங்களுக்கெல்லாம் இது பழக்கம்தானேப்பா. நான் ஒண்ணும் தப்பா நினைக்கல." வாயைத் திற, கொஞ்சமே கொஞ்சம் வலிக்கும் என்று சொல்கிற அதே குரல்.

அவனுக்கு நெஞ்சில் குத்து விழுந்த மாதிரி இருந்தது. கேட்கப்பட்ட விஷயத்தால் அல்ல. ஆள் பார்த்துத்தான் கேட்கிறார் என்பதால். நான் இப்படிப்பட்டவன் என்று என் முகத்திலேயே எழுதியிருக்கிறதா?

"அடுத்தவங்க போனை நான் திறக்கறதில்ல டாக்டர்" என்றான். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"அப்படியா? சந்தோஷம்" என்று சிரித்தார் டாக்டர். "வெள்ளிக்கிழமை வர்றேன். யோசிச்சு வை."

அவர் போனதும் ஷட்டரை இழுத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தான். புதன்கிழமை மதியம், பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது: முதலில் ஆத்தும சோதனை, அதாவது செய்த பாவங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது. அதை ஒருநாளும் ஒழுங்காகச் செய்ததில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முதன்முதலில் எப்போது திறந்தேன் என்று கேட்டுக்கொண்டான்.

பதில் வந்ததும் திடுக்கிட்டுப் போனான். அவன் நினைத்திருந்தது மாதிரி அது பெண்கள் படம் பார்க்கிற ஆசையில் தொடங்கவில்லை. ஒரு பணக்காரர் "சீக்கிரம் செய்டா" என்று போனை மேசையில் விட்டெறிந்துவிட்டுப் போன நாள் அது. அவர் யாரிடமோ கெஞ்சி எழுதியிருந்த செய்திகளை அன்று படித்தான். மாலையில் அவர் வந்தபோது நிமிர்ந்து பார்க்க முடிந்தது. உன் யோக்கியதை எனக்குத் தெரியும் என்ற அந்த இரண்டு நிமிட மிதப்பு. அதைத்தான் பத்து வருடமாகத் திருடித் தின்றுகொண்டிருந்தான்.

புதிதாக வந்திருந்த குருவானவர் அவனைவிட வயதில் சின்னவர். பீடத்துப் பக்கம் உடைந்த மைக்கை நோண்டிக்கொண்டிருந்தவர், இவன் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் குருவானவர்கள் அணியும் ஸ்டோல் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற அந்த மரக்கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். லென்ஸ் முழங்காலிட்டான்.

"கண்ணால பாவம் செஞ்சேன் சாமி."

"எப்படி?"

பத்து வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.  எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். தடுப்பு, பாஸ்வேர்டு, ஃபோல்டர், மிதப்பு, டீச்சர், டாக்டர் கேட்டது. சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"டீச்சரோடது இல்ல. மத்தவங்களோடது இருக்கு."

"இன்னிக்கே அழிச்சிடுங்க. கடைசியா ஒரு தடவைன்னு திறந்து பாக்காம அழிங்க."

அவன் கழுத்து சூடானது. அதைத்தான் செய்வதாக இருந்தான்.

"டீச்சர்கிட்ட சொன்னாதான் மன்னிப்பா சாமி?"

"இல்ல. உண்மையா வருத்தப்படறீங்க, மன்னிப்பு இப்பவே உண்டு. அது கடவுள் குடுக்கறது, நான் பேரம் பேச முடியாது. இங்க கேட்டதை நான் வெளியில மூச்சு விடவும் முடியாது." குரல் தாழ்ந்தது. "ஆனா அந்த டாக்டர் எதைத் தேடறார்னு தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். சொன்னா உங்க மானம் போகும். சொல்லலைன்னா அந்தம்மாவுக்கு என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க."

பாவத்துக்கான அபராதமாக ஒரு மாதத்துக்கு ஒரு வேலையும் கொடுத்தார். மதியம் ஒரு தரம், கடை சாத்தும்போது ஒரு தரம், அன்று எத்தனை முறை கை போனது, எத்தனை முறை திறந்தான், அதற்குச் சற்று முன்னால் மனசில் என்ன இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும்.

ஃபோல்டரை அன்றே அழித்தான். கண்ணை மூடிக்கொண்டுதான் பட்டனை அழுத்தினான்.

வியாழக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் டீச்சரின் போனை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குப் போனான். டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. பொண்ணு பின்னக் கணக்குல இப்ப பரவாயில்ல" என்றார்.

"டீச்சர், அதுக்கு வரல. உங்க போனைத் திறந்து பாத்துட்டேன்."

டஸ்டர் பலகையிலேயே நின்றது. "எவ்வளவு பாத்தீங்க?"

"எல்லாத்தையும்."

டீச்சர் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். டஸ்டரை மேசையில் வைத்தார். "எங்க அம்மாகிட்டகூட காமிக்கல அதை" என்றார். "அவர் அடிச்சப்பகூட எனக்கு இவ்வளவு கூசல. என்ன மனுஷங்க நீங்கல்லாம்?"

 பாராட்டு வேண்டாம், ஒரு தலையசைப்பாவது கிடைக்கும் என்று மனசின் ஓரத்தில் எதிர்பார்த்திருந்ததை அப்போதுதான் கண்டான்.

"நேத்து டாக்டர் வந்தாரு. படத்துக்கெல்லாம் காப்பி கேட்டாரு. குடுக்கல. நாளைக்குத் திரும்ப வருவாரு."

டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. "அவருக்குத் தெரிஞ்சுபோச்சா?" போனை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "போங்க. முதல்ல வெளிய போங்க."

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். "டீச்சரே வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றான். டாக்டர் முகம் மாறாமல் தடுப்புக்கு மேலாகக் கை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கத்தவில்லை, திட்டவில்லை. விட்டபோது நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

வீட்டில் மனைவிதான் அதைப் பார்த்தாள். "என்னங்க இது?" மறைக்கத் தெம்பில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னான். ஆஸ்பத்திரி லாண்டரியில் நாள் முழுக்கத் துணி மடித்துவிட்டு வந்தவள், மகளின் பாவாடையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவில் ஒன்றுதான் கேட்டாள்.

"என் போனையும் பாத்திருக்கீங்களா?"

அவன் தலை குனிந்தான். எத்தனையோ முறை. அவள் அக்காவோடு அவனைப் பற்றிப் பேசியதையெல்லாம் படித்திருக்கிறான். அவள் எழுந்து மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் "சாப்பாடு இருக்கு" என்பதுதான் பேச்சு.

திங்களன்று மகள், "டீச்சர் வரலப்பா" என்றாள். செவ்வாயும் வரவில்லை. புதனும் இல்லை. நான் வாய் திறந்ததால்தான் ஏதோ நடந்துவிட்டது என்று அவன் நினைத்தான். ஒரு கவளம் இறங்கவில்லை. வியாழன் காலை கடை வாசலில் டீச்சரும் ஒரு பெண் போலீஸ் அதிகாரியும் வந்து நின்றபோது, ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. டீச்சர் உயிரோடு இருக்கிறார் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

டீச்சர், அவன் வகுப்பறைக்கு வந்த வியாழக்கிழமையே தங்கை வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். புகாரும் கொடுத்திருந்தார்.

"படமெல்லாம் சமீபத்துல ஜோடிச்சதுன்னும், அப்படி ஒண்ணு இருக்கறதே தனக்குத் தெரியாதுன்னும் டாக்டர் சொல்றாரு" என்றார் அதிகாரி. "உங்ககிட்ட வந்து காப்பி கேட்டது உண்மையா? எழுதிக் குடுப்பீங்களா? ஆனா ஒண்ணு, உள்ள என்ன படம் இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"அதையும் சேத்து எழுதறேன் மேடம்."

எழுதினான். 'வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல், பழக்கத்தின் காரணமாக, திறந்து பார்த்தேன்.' பேனா மூன்று இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. தொட்டிக்குள் காதோடு சொன்னதை வெள்ளைத்தாளில் பார்த்தபோது, இது என் கையெழுத்துதானா என்றிருந்தது.

அதிகாரி டீச்சரிடம் திரும்பினார். "இவர் மேலயும் புகார் குடுக்கலாம். குடுக்கறீங்களா?"

"இப்ப வேண்டாம்" என்றார் டீச்சர், அவனைப் பார்க்காமல். அந்த 'இப்ப' அவனோடு தங்கிவிட்டது. டீச்சர் பிறகு வேறு பள்ளிக்கு மாறிப் போனார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது என்று கேள்விப்பட்டான். அவனை மன்னித்ததாக யாரும் வந்து சொல்லவில்லை.

ஒரே வாரத்தில் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ஷட்டரில் யாரோ கரியால் இரண்டு பெரிய கண்களை வரைந்துவைத்தார்கள். அவன் அதைத் துடைத்தான். மறுநாள் மறுபடியும் வரைந்தார்கள். பலகைத் தடுப்பைக் கழற்றி எறிந்தான். மேசையை வாசலுக்கு இழுத்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டான். போன் கொடுத்தவர் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். பாஸ்வேர்டு கேட்பதை விட்டான். ஒன்றிரண்டு பேராகத் திரும்பி வந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகும் பழக்கம் போய்விடவில்லை என்பதுதான் அவனை அதிகம் கலங்கடித்தது. மூன்றாவது வாரம், ஒரு அம்மாள் லாக் போடாத போனை மேசையில் வைத்துவிட்டு மருந்து வாங்கப் போன ஐந்து நிமிடத்தில், அவன் நான்கு படம் பார்த்து முடித்திருந்தான். எப்போது திறந்தான் என்றே தெரியவில்லை. நோட்டில் எழுதினான்: 'நான்கு. காலையில் ஒருவர் என்னை எட்டிப்பார்ப்பவன் என்று திட்டினார்.' அன்றே கோயிலுக்குப் போனான்.

"மறுபடியும் விழுந்துட்டேன் சாமி."

"அதனாலதான் இந்தத் தொட்டி இருக்கு. நோட்டை நிறுத்திடாதீங்க."

நோட்டைப் புரட்டினால் ஒன்று தெரிந்தது. யாராவது அவமானப்படுத்திய நாட்களில்தான் கை நீண்டது. தெரிந்த பிறகு, அப்படிப்பட்ட நாட்களில் அந்தக் கோபத்தை முதலில் பெயர் சொல்லிக் கடவுளிடம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடப் பழகினான். நோட்டில் எண்ணிக்கை குறைந்தது, கூடியது, மறுபடியும் குறைந்தது. பேச்சு வராத வீட்டில், மகளின் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தன் நோட்டை எழுதுவதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் அவள் கடைக்கு வந்தாள். "பேட்டரி நிக்கல. மாத்திக் குடுங்க. பக்கத்துலயே உக்காந்திருப்பேன், ஆமா." உட்கார்ந்தாள். பாதி வேலையில் எதிர்க் கடையில் யாரோ கூப்பிட, லாக் போடாத போனை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பேச்சில் லயித்துவிட்டாள். கால் மணி நேரம் ஆயிற்று.

அவன் பேட்டரியை மாற்றினான், மூடினான், துணியால் துடைத்தான், அடுத்த போனை எடுத்து அதன் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான். மூன்றாவது திருகாணியில்தான் சட்டென்று உறைத்தது. லாக் இல்லாமல் கிடந்த போனுக்குள் அவன் பார்க்கவே இல்லை. அடக்கிக்கொள்ளக்கூட இல்லை. அந்த எண்ணமே வரவில்லை.  நெற்றிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

மனைவி வந்து பார்த்தாள். "ஏன், பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றான். "போன் ரெடி. எடுத்துக்க."

அவள் அவனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதை எடுக்காமல், நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.