நேயர் திலகம் ஆவுடைத்தாய்

நாலாயிரம் அஞ்சலட்டை எழுதியவளாம் நான். மளிகைச் சிட்டையைத் தவிர நான் என்னத்தை எழுதினேன்?

ஆவுடைத்தாய் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வந்திருந்த சுடலைக்குமாருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் கோவில்பட்டி நேயர் மன்றத்தின் செயலாளர். வானொலிக்கு உழைத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. செய்தி வாசித்தே தொண்டை போனவர் ஒருவர், ஒலிபரப்புக் கோபுரம் ஏறி இடுப்பு போன பொறியாளர் ஒருவர், நேயர்கள் சார்பில் ஆவுடைத்தாய்.

எழுதியதெல்லாம் அவள் புருஷன் ஜெயபாண்டி. பொம்பளை பேரில் எழுதினால் சட்டென்று வாசிப்பார்கள் என்று கண்டுபிடித்தவர், தீப்பெட்டி ஆபீஸ் வேலை போக மீதி நேரமெல்லாம் ஆவுடைத்தாயாகவே இருந்தார். ரேஷன் கார்டில் பேர் இருப்பதைப் போல இதுவும் ஒன்று என்று அவளும் விட்டுவிட்டாள்.

சுடலைக்குமார் விழா மலரை நீட்டினான். நடுப்பக்கத்தில் 'அவளுடைய' கடிதங்கள். கேப்பை அல்வாவுக்குப் பக்குவம் சொல்லியிருந்தாள். அடுப்படியை எட்டிப் பார்க்காத மனிதருக்கு என்ன தைரியம்! எத்தனை வீட்டில் சட்டியோடு தெருவில் கொட்டினார்களோ. மாமியாரைத் தெய்வம் என்று வேறு எழுதியிருந்தாள். அதற்கும் சிரிப்புத்தான் வந்தது.

கடைசிக் கடிதம் மகளிர் நேரத்துக்கு. 'ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. என் கணவர் போகத்தான் சொன்னார். எனக்கே விருப்பமில்லை.'

திரும்பவும் வாசித்தாள். போகக் கூடாது என்று அவர் சொன்னதும் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவள் யார்? அவளைத் தவிர ஊர் பூராவும் இதைக் கேட்டிருக்கிறது. மேடையேறி மாலையை வாங்கிவிட்டால், இது அவள் வாயால் சொன்னதாகவே ஆகிவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயபாண்டி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஏற்புரை. அதையும் அவரே எழுதியிருந்தார்.

"ஏட்டி, இத வாசிச்சாப் போதும். ரெண்டு நிமிசம்."

"விசயம் மன்றத்துல எல்லாருக்கும் தெரியும்க்கா," என்றான் சுடலைக்குமார். "அதுக்காக அண்ணாச்சிய நேயர் திலகம் ஆவுடைத்தாய்னு மேடையேத்த முடியுமா? மீசை இருக்குல்லா."

இருவரும் சிரித்து ஓயும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு தாளை மடித்துப் புருஷன் கையிலேயே கொடுத்தாள்.

"நான் வரல. இதுக்கும் எனக்கே விருப்பமில்லன்னு ஒரு கார்டு எழுதிப் போட்டுருங்க."