ஆற்றுவாயில் இருபது நிமிடம்

வாப்பா நடக்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. ஊரில் எல்லாரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கடைசியில் பதில் சொன்னவள் நான். கணிதத்தில் பட்டம் வாங்கியவள் அல்லவா, நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது.

எண்பதாம் ஆண்டு மார்கழி அது. எங்கள் வட்டை, அந்த வயல்வெளி முழுவதும் தண்ணீருக்குள் கிடந்தது. இன்னும் கதிர்க் குடலை பிடிக்காத பச்சை நெற்பயிர், நுனி மட்டும் வெளியே தெரிந்தது. களப்பு என்கிற காயலில் நிறைந்த தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லை, நடுவில் மணல் திட்டு மறித்துக்கொண்டிருந்தது. வழமையாக அந்தத் திட்டை வருடா வருடம் வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிடுவார்கள். சூறாவளி அடித்துக் கடல் மணலை மலையாகக் குவித்துவிட்டுப் போனபின் இரண்டு வருடம் யாரும் அதைத் தொடவில்லை. மழையும் பேருக்குத்தான் பெய்தது. இந்த வருடம் எல்லாம் சேர்த்துக் கொட்டித் தீர்த்தது.

ஆற்றுவாய் திறப்பது வட்டவிதானையின் பொறுப்பு. எங்கள் வட்டைக்கு வயற்காரர் தெரிந்தெடுத்த விதானை என் வாப்பா, அச்சிமுகம்மது. ஐம்பத்தெட்டு வயது, வலது முழங்காலில் வாதம். திறக்கும் முறை இதுதான்: கடற்பக்கமிருந்து முந்நூறு அடி நீளத்துக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டு வருவார்கள். களப்போரம் ஒரு சிறு வரம்பை மட்டும் விட்டுவைப்பார்கள். விதானை பாத்திஹா ஓதி அந்த வரம்பைத் தன் கையால் வெட்டுவார். தண்ணீர் மெல்லப் புகுந்து ஓடும். விதானை அந்தத் தண்ணீரோடு கூட, வாய்க்காலுக்குள்ளேயே, கடல் வரை நடப்பார். கணுக்கால் தண்ணீர்தான். கடலில் அவர் கால் நனைந்த பிறகே பெரியநீலாவணை மீனவர்கள் வலை வீசுவார்கள். அதற்கு முன் ஒருவரும் வீசமாட்டார்கள். வயற்காரருக்கும் மீன்காரருக்கும் இடையில் எழுத்தில் இல்லாத உடன்படிக்கை அது, ஒரு தரமும் பிசகியதில்லை.

மீனவர்களுக்குத் தலைவர் சாமித்தம்பி. வெட்டுக்கு ஐந்து நாள் முந்தி அவர் எங்கள் வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

"விதானையார், இந்த முறை தண்ணி நாலடி கூடக் கிடக்கு. நீங்க வரம்ப வெட்டிப்போட்டு மேல ஏறிருங்க. கரையால வந்து கையக் காட்டினாக் காணும், நாங்க வலையப் போடுவம்."

"ரெண்டு வருசமா நடக்கல்ல சாமித்தம்பி. இந்த வருசமும் நடக்காட்டி, விதானை பயந்துட்டான் எண்டு கதைப்பானுகள்."

"கதைக்கிறவன் கதைக்கட்டும். உங்கட கால் இரிக்கிற இரிப்புக்கு முந்நூறு அடி நடக்கப் பன்னிரண்டு நிமிசம் எடுக்கும். அதுக்குள்ள தண்ணி என்ன செய்யும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

வாப்பா என் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலை நான் இன்னும் மறக்கவில்லை. எவ்வளவு சந்தோசம் அந்த முகத்தில்.

"எனக்குத் தெரியாது. என்ட மகளுக்குத் தெரியும்."

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து ஒன்றரை வருடமாக வேலைக்குக் காத்திருந்தேன். 'கம்பஸ் எல்லாம் போய்ப் படிச்சிட்டு இப்ப இறால் உரிக்கிறா' என்று அயலில் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் எரியும். வாப்பா மட்டும் ஒரு நாளும் சிரித்ததில்லை. அவர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சவூதியிலிருந்து ஜவுபர் மச்சான் கொண்டுவந்த கல்குலேற்றரை இரவல் வாங்கிக்கொண்டு, சி.ஆர். என்கிற பெரிய நோட்டுக் கொப்பிகள் நான்கோடு மேசையில் உட்கார்ந்தேன்.

வாய்க்காலில் ஓடும் தண்ணீருக்குச் சமன்பாடு இருக்கிறது. ஆனால் அதை நேராகத் தீர்க்க முடியாது. அதில் வேகம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. ஓடுகிற தண்ணீர் மணலை அரிக்கும், அரித்த இடம் ஆழமாகும், ஆழமானால் இன்னும் வேகமாக ஓடும், வேகமானால் இன்னும் அரிக்கும். இப்படித் தன் வாலைத் தானே துரத்தும் கணக்கு இது. அதனால் வாய்க்காலை ஆறு துண்டாகவும் நேரத்தைப் பத்துப் பத்து விநாடியாகவும் நறுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஆழமும் வேகமும் என்ன என்று கண்டு, அதை வைத்து அடுத்த பத்து விநாடிக்குப் போக வேண்டும். புத்தியை விடப் பொறுமைதான் அதற்குத் தேவை.

இரண்டு நாள் போட்டேன். முதல் நான்கு நிமிடமும் எண்கள் பிள்ளைகள் வரிசையில் போவது போல ஒழுங்காகத்தான் போயின. ஐந்தாம் நிமிடத்தில் குதிக்கத் தொடங்கின. ஆறாம் நிமிடத்தில் வேகம் விநாடிக்கு ஏழு அடி, பதினாறு அடி, தொண்ணூறு அடி என்று ஏறி, கடைசியில் கல்குலேற்றர் தன்னால் முடியாது என்று பிழை காட்டி நின்றது.

எனக்கு அது புதிதல்ல. எண்கள் இப்படிப் பேய் பிடித்தது போல ஓடினால் அது தண்ணீரின் குணமல்ல, முறையின் குற்றம் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நேரத்தைப் பெரிதாக நறுக்கினால் அப்படி வரும், பாதியாக்கிப் பார்க்க வேண்டும். ஐந்து விநாடியாக்கி மறுபடி போட்டேன். கை பழகியிருந்தும் அது இன்னொரு பகலையும் இரவையும் தின்றது. மீண்டும் அதே ஆறாம் நிமிடத்தில்தான் வெடித்தது.

இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். முறையின் குற்றம் என்றால் நறுக்கை மாற்றும்போது வெடிக்கிற நேரமும் மாறும். மாறவில்லை; அப்படியானால் அது தண்ணீரின் குணமேதான். இது பரீட்சையில் ஐந்து புள்ளிக் கேள்வி. நான் சரியாக எழுதி ஐந்தும் வாங்கியிருந்தேன்.

ஆனால் நாளை மறுநாள் வெட்டு. பிழை என்று முடிகிற தாளை வாப்பாவிடம் எப்படிக் காட்டுவது? மூன்று நாளாக வீட்டில் என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. உம்மா தேத்தண்ணியை மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். வாப்பா பள்ளிவாசலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் எனக்கு வழியும் காட்டியது. குதிக்கிற எண்களை அமர்த்த ஒரு வித்தை உண்டு. ஒவ்வொரு எண்ணையும் அக்கம்பக்கத்து எண்களோடு சேர்த்துச் சராசரி எடுத்துவிட வேண்டும். தண்ணீருக்குள் கொஞ்சம் பாகு கலந்தது போல எல்லாம் இழைந்துபோகும். அளவோடு செய்தால் நல்ல வித்தைதான். நான் அளவு பார்க்கவில்லை. எண்கள் அடங்கும்வரை கலந்தேன்.

அடங்கின. இடுப்பளவு தண்ணீர் வர இருபது நிமிடம் என்று வந்தது. அழகான எண். நான் முதல் இரண்டு கொப்பிகளையும் அலுமாரியில் உடுப்புக்கு அடியில் வைத்துவிட்டு, மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

"இருவது நிமிசம் இரிக்கி வாப்பா. நீங்க பன்னிரண்டில போயிருவீங்க."

"நல்லாப் பாத்தியா மகள்?"

"ஓம் வாப்பா. மூணு தரம் பாத்தன்."

அது பொய்யும் அல்ல.

வெட்டு நாளில் பெண்கள் ஆற்றுவாய்க்குப் போவதில்லை. வாப்பா என்னைக் கூட்டிப் போனார். காலை பத்து மணி, மழை விட்டிருந்தது. இருநூறு பேராவது நின்றார்கள். வாப்பா கைக்கடிகாரத்தை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "இருவது நிமிசம், என்ட மகள் கணக்குப் பாத்திரிக்கி" என்றார். சிரித்தவர்கள் யாரும் அன்று சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கட்டும் என்று களப்போரம் இருந்த மணல் மேட்டில் ஏறி நின்றேன். சாமித்தம்பி கடற்பக்கம் ஆட்களோடு நிற்க வேண்டியவர். அவர் மட்டும் தோளில் ஒரு கயிற்றைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் பாதி வழியில் வந்து நின்றார். எனக்கு அது பிடிக்கவில்லை, என் கணக்கை அவமதிப்பதாகப் பட்டது.

வாப்பா ஓதி, மண்வெட்டியைப் போட்டார். வரம்பு திறந்தது. தண்ணீர் அவர் கால் விரலைத் தொட்டு முன்னே ஓடியது. அவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார்.

முதல் நிமிடம் கணுக்கால். இரண்டாம் நிமிடமும் கணுக்கால்தான். மூன்றாம் நிமிடம் முடிய முழங்கால். என் தாளில் முழங்கால் பதினோராம் நிமிடம். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்தக் கணத்தில் நான் நினைத்தது, தண்ணீர் பிழையாக ஓடுகிறது என்று. என் கணக்குப் பிழை என்று மனம் போகவே இல்லை. ஒரு முழு நிமிடத்தை நான் அப்படித் தின்றேன்.

நான்காம் நிமிடத்தில் தொடையளவு. சாமித்தம்பி கயிற்றை எறிவதைக் கண்டேன். கயிறு வாப்பாவின் முன்னால்தான் விழுந்தது. வாப்பா நின்றார். கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு கயிற்றைக் கையால் ஒதுக்கிவிட்டு நடந்தார்.

அப்போதுதான் முதல் கொப்பி என் கண்ணுக்குள் வந்தது. ஏழு, பதினாறு, தொண்ணூறு. நான் கத்தினேன், மணலில் விழுந்தெழும்பி ஓடினேன். ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு பக்கக் கரையும் பாண் ரொட்டி துண்டு துண்டாகப் பிய்வது போலச் சரிந்து விழுந்தது. களப்பு முழுவதும் ஒரே தரத்தில் எழும்பி வருவது போல ஓர் இரைச்சல். ஆறாம் நிமிடம் அந்த இடத்தில் வாய்க்கால் இல்லை. நூறு அடி அகலத்தில் ஓர் ஆறு ஓடியது. அதற்குள் வாப்பா இல்லை.

நான் அழவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன் என்று பிறகு சொன்னார்கள். மண்டைக்குள் ஒரே ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது: ஆறு, ஆறு, ஆறு.

மூன்றாம் நாள் திருக்கோவில் கரையில் வாப்பாவின் மையித்து ஒதுங்கியது. அதற்குள் வட்டையில் தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டது. பயிர் தப்பியது. வீட்டுக்கு வந்த ஆட்கள் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள், கணக்குப் பார்த்த பிள்ளையின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார்கள். ஒருவராவது என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

வாப்பாவுக்குக் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் சாமித்தம்பி வந்தார். உம்மா இத்தாவில் அறைக்குள் இருந்தார். பிற ஆண்கள் முகம் பாராமல் நான்கு மாதம் பத்து நாள். வாசலில் ஒரு சேலையை மறைப்பாகக் கட்டியிருந்தோம். சாமித்தம்பி கதிரையில் உட்கார்ந்து, தன் கைகளைப் பார்த்தபடி தொடங்கினார்.

"ஒரு கதை சொல்ல வேணும் புள்ள. சொல்லாம எனக்குச் சோறு இறங்குதில்ல."

"சொல்லுங்க."

"நான் கயிறு எறிஞ்ச நான். நல்லா அவர்ர கைக்கிட்டத்தான் விழுந்த. புடிச்சிருந்தா இழுத்திருப்பன். அவர் மணிக்கூட்டப் பாத்துப்போட்டுச் சொன்னார், 'கயிறு வேணாம் சாமித்தம்பி, இன்னும் பதினாறு நிமிசம் கிடக்கு' எண்டு. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். எனக்குத் தெரிஞ்சிரிந்தா நான் பாஞ்சிருப்பன். நானும் நம்பிட்டன் புள்ள. படிச்ச புள்ள பாத்த கணக்கெண்டு நானும் நம்பிட்டன். என்ன மன்னிச்சிரு."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன். உடுப்புக்கு அடியிலிருந்து இரண்டு கொப்பிகளையும் எடுத்துவந்து அவர் மடியில் வைத்து, கடைசிப் பக்கத்தை விரித்தேன்.

"இது என்ன புள்ள? எனக்கு வாசிக்கத் தெரியாது."

"இதுதான் முதல் வந்த கணக்கு. ஆறு நிமிசம். ரெண்டு தரம் போட்டன், ரெண்டு தரமும் ஆறுதான் வந்த. எனக்குப் பிடிக்கல்ல. அதால மாத்தினன்."

அவர் கொப்பியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு இரண்டையும் மெதுவாக எடுத்துக் கதிரையில் வைத்துவிட்டு, எழும்பி வெளியே போனார். படலை சாத்துகிற சத்தம் கேட்டது.

சேலை மறைப்புக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. அவர் அழவில்லை. கடைக்குப் போனவளிடம் சாமான் விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

"வாப்பாக்கிட்ட நீ அந்த ஆறு நிமிசக் கணக்கச் சொல்லல்லியா மகள்?"

"இல்ல உம்மா."

அதன் பிறகு உம்மா அந்தச் சேலைக்குப் பின்னால் இருந்த மிச்ச நாளெல்லாம் என்னோடு கதைக்கவில்லை. இத்தா முடிந்து வெளியே வந்த பிறகும் கதைக்கவில்லை.