பரண்மேல் போட்ட செருப்பு

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல்படி தாண்டக் கூடாது. தண்டையார்பேட்டையில் அந்தத் தெருவில் யாரும் தாண்டியதில்லை. மருமகளும் தாண்டிவிடக் கூடாதே என்று ஜஹானாரா, ரூபினாவின் செருப்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருந்தாள். காத்து கருப்பு அண்டாமலிருக்கத் தலையணைக்கடியில் இரும்புப் பாக்குவெட்டி. சரி, மனசுக்குள்ளேயே புகுந்துகொண்டதற்கு என்ன வைப்பதாம்?

ரூபினா அழுதுகொண்டே இருந்தாள். பால் பத்தவில்லை என்று பூண்டு வதக்கிக் கொடுத்தார்கள். கண் பட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். ஓதி ஊதிய தண்ணீரும் வந்தது. எல்லாவற்றையும் குடித்துவிட்டு மறுபடி அழுதாள். ராசா மாதிரி பிள்ளை இருக்க உனக்கென்ன குறை என்று கேட்டுவிட்டு, கணவன் ஃபர்ஹான் ஹார்பர் வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கென்ன, வாசல் திறந்திருந்தது.

அன்று காலை பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, கை நழுவினால் நழுவட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. ரூபினா சட்டென்று பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டாள். பிள்ளையைத் துடைத்து மாமியார் மடியில் கொடுத்தாள். நினைத்ததை நினைத்தபடி சொன்னாள். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள்.

ஜஹானாராவுக்கு முகம் வெளுத்தது. நாற்பது முடியட்டும், வெளியே தெரிந்தால் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்கள் என்றாள்.

"கட்னா கட்டட்டும் மாமி. புள்ளையும் பொழைக்கணும், நானும் பொழைக்கணும்."

பர்தாவை மாட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த மாமியார் செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஒரு கையில் பேரன், மறு கையில் பாக்குவெட்டி, கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு ஜஹானாரா ஓடி வந்தாள். இரும்பு இல்லாமல் போகாதே என்று நீட்டினாள். ரூபினா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. ஜஹானாராவும் பேரனோடு கூடவே நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் ரூபினா எதையும் மறைக்கவில்லை. பிள்ளை பெற்ற பலருக்கும் வருவதுதான், மருந்து இருக்கிறது, நல்லாத் தூங்க விடுங்கள், தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் அவர்.

திரும்பும்போது எதிர்வீட்டு கௌசர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். நாற்பது முடியாமல் எங்கே போய் வருகிறீர்கள் என்றாள். காய்ச்சல், சளி என்று மாமியார் எதையாவது சொல்லி மூடப் பார்ப்பாள், அதற்குள் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ரூபினா வாயைத் திறந்தாள். ஜஹானாரா முந்திக்கொண்டாள்.

"மனசு சரியில்ல, டாக்டராண்ட இட்டுகினு போனேன். அடுத்த வாரமும் போவோம். இன்னான்ற?"

உள்ளே வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேலிருந்த செருப்பை எடுத்துத் தூசி தட்டி ரூபினா முன்னால் போட்டாள்.

"அடுத்த வாட்டி இத்த போட்டுகினு வா. என் காலு வெந்துபோச்சு."