அறுபது இறாத்தல் வில்

வைக்கோல் மான் ஆடாமல் அசையாமல் நின்றது. ஆடியது வில்லைப் பிடித்த இன்னாசித்தம்பியின் இடக்கைதான்.

ஹேர்னிங் துணி ஆலையில் அவருக்கு மேலாளராக இருந்த ஸ்வென்ட், ஒரு வில்லாளர் கழகமும் நடத்தினான். இலையுதிர் காலம் வந்தால் கழகத்தார் கூடாரங்களைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். தனி உரிமம் இல்லாமல் வில்லால் விலங்கைக் கொல்ல டென்மார்க்கில் சட்டம் விடாது. அதனால் மரங்களுக்கிடையே வைக்கோல் மான்களை ஒளித்துவைத்து, தேடித் தேடி எய்வார்கள். காட்டோரத் திடலில் நடக்கும் இன்றைய தேர்வில் மூன்று அம்பில் இரண்டை மானில் ஏற்றுகிறவனுக்குத்தான் அந்தப் பயணத்தில் இடம். வந்த நாள்முதல் 'ஹை' என்ற சொல்லுக்கு மேல் அவரிடம் எதையும் செலவழிக்காத ஆலைக்காரர்கள், இந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசினார்கள். அவர்களது நெருப்பைச் சுற்றிக் கிடக்கும் மரக்குற்றிகளில் ஒன்றில் தானும் இருந்துவிட வேண்டும். அவ்வளவுதான் இன்னாசித்தம்பி கேட்டது.

கோளாறு வில் வாங்கிய அன்றே தொடங்கிவிட்டது. ஸ்வென்டின் கராஜில் இரண்டு மரவில்கள், இரண்டுக்கும் ஒரே விலை. ஒன்றை இழுக்க நாற்பது இறாத்தல் பலம் வேண்டும், மற்றதற்கு அறுபது.

"உனக்கு நாற்பது போதும். மற்றது தோளை முறிக்கும்" என்றான் ஸ்வென்ட்.

இன்னாசித்தம்பி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். யாரிடம்? பருத்தித்துறையில் அப்பரின் புடவைக்கடையில் வளர்ந்தவர் அவர். விலைபோகாததை "இது உங்களுக்கெண்டே எடுத்து வைச்சது" என்று தலையில் கட்டுவதையும், நல்ல சரக்கை "அது உங்களுக்குச் சரிவராது" என்று பின்னுக்குத் தள்ளுவதையும் தவழும் வயதிலேயே பார்த்தாயிற்று. அறுபதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கோடை முழுவதும் அது அவரைப் பழிவாங்கியது. விரல் வாயோரத்தைத் தொடும்வரை நாணை இழுக்க வேண்டும், ஒரு மூச்சு நிற்க வேண்டும், பிறகு விரலைத் தளர்த்த வேண்டும். அவருடைய விரலோ நெஞ்சைத் தாண்டவில்லை. பாதியில் நழுவிய நாண் முன்கையில் அறைந்து அறைந்து தோல் கன்றிப்போனது.

"ஆர் உங்களை அடிக்கிறது எண்டு பக்கத்து வீட்டுப் பொம்பிளை விசாரிக்கிறா" என்றாள் மனைவி மாக்கிரட். "என்னைத்தான் நினைக்கிறா போல."

இன்றும் முதல் அம்பு மானுக்கு முன்னாலேயே புல்லில் படுத்துவிட்டது. மீதி இரண்டும் பட்டே ஆகவேண்டும். அப்போது ஸ்வென்ட் அந்த நாற்பது இறாத்தல் வில்லோடு வந்தான்.

"இதை வைத்துக்கொள். உன்னுடையதை எனக்குத் தா."

இன்னாசித்தம்பி நாணை இழுத்துப் பார்த்தார். வெண்ணெய்போல வந்தது. முதன்முறையாக விரல் வாயோரத்தைத் தொட்டது. அத்தோடு வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ரை அறுபது, உன்ரை நாற்பது" என்றார் உடைந்த டேனிஷில். "மிச்சம் இருபதுக்கு என்ன தருவாய்? உந்த அம்புப் பையையும் சேர்."

"இல்லை."

"அப்ப, கைக்குக் கட்டுற தோல்பட்டை?"

"இல்லை. மாற்றுகிறாயா?"

அந்த முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பிடித்துத் தொங்க ஒரு கொக்கிகூட இல்லை. இன்னாசித்தம்பியின் கை பழக்கதோஷத்தில் நாற்பதைத் திருப்பி நீட்டியது.

"அப்ப வேண்டாம்."

அறுபதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அப்பரின் கடையில், விலை படியாத வாடிக்கையாளர் இரண்டாம் படி இறங்குவதற்குள் "இஞ்சை வாருங்கோ, கோவியாதேங்கோ" என்று அப்பர் கூப்பிட்டுவிடுவார். அந்தப் படிகளை இறங்கும் வேகத்திலேயே இங்கும் நடந்தார். அவிழாத சப்பாத்துக் கயிற்றை நின்று கட்டினார். பின்னால் 'தொப்' என்று வைக்கோலில் அம்பு ஏறும் ஓசை. யாரோ கைதட்டினார்கள்.

காருக்குள் மாக்கிரட் தேநீர்க் குடுவையோடு இருந்தாள்.

"என்ன, முடிஞ்சுதோ?"

"இல்லை. கூப்பிடுவான். பாக்கிறானோ எண்டு பாரும்."

அவள் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "உங்கடை அம்பைப் புடுங்கித் துடைச்சு வேலியிலை சாத்திப்போட்டார். இப்ப மற்ற ஆளோடை கதைக்கிறார்."

"இஞ்சாலை பாக்கேல்லையோ?"

"இல்லை. ஏறுங்கோ, தேத்தண்ணி ஆறுது."

"கொஞ்சம் பொறும்" என்றார் இன்னாசித்தம்பி, காட்டுக்கு முதுகைக் காட்டியபடியே. "இப்ப ஏறினா, விலை விழுந்திடும்."